சாக்லேட் காத்திருக்காது: ஏழு குழந்தைகளோடு வண்ண சாக்லேட் செய்த ஒரு பிற்பகலின் நிகழ்வு ஆய்வு

பின்னணி

குழந்தைகளுக்குக் கைவினை வகுப்பு எடுக்கும் ஆசிரியை ஒருவர், விடுமுறை நாள் ஒன்றில் வண்ண சாக்லேட் செய்யும் நிகழ்ச்சிக்கு ஏற்பாடு செய்தார். வரச் சம்மதித்தவர்கள் ஏழு குழந்தைகள். எல்லோருக்கும் இளையவளுக்கு நான்கு வயது, மூத்தவனுக்குப் பதினொன்று. இடம் ஆசிரியையின் சமையலறையும் அதை ஒட்டிய சாப்பாட்டு மேசையும். சாக்லேட் வேலையில் பழக்கம் உள்ளவன் என்பதால் என்னைத் துணைக்கு அழைத்திருந்தார். ஒரு சிறுவனின் தாயும் உடனிருந்தார்.

ஆசிரியையின் முதல் திட்டம் பலரும் வகுக்கும் திட்டம்தான். வெள்ளை சாக்லேட்டை உருக்கிக் கிண்ணங்களில் பிரிப்பது, கேக் அலங்காரத்துக்கு வாங்கிவைத்த திரவ நிறங்களை ஒவ்வொன்றிலும் கலப்பது, சிலிகான் அச்சுகளில் ஊற்றுவது, மேலே முழுப் பாதாமும் மினுமினுக்கும் தூளும் தூவுவது. இதில் அச்சுகளைத் தவிர மற்ற அனைத்தும் மாறின. பெரும்பகுதி நிகழ்ச்சிக்கு முன்பே மாறியது. ஒரு பகுதி மட்டும் அன்றைக்குக் குழந்தைகளின் கண்முன்னே மாறியது.

முன்கூட்டியே தெரியவந்தவை

பெற்றோர்களிடம் ஒவ்வாமை பற்றிக் கேட்டபோது, எட்டு வயதுச் சிறுவன் ஒருவனுக்குப் பால் ஒத்துக்கொள்ளாது என்று தெரிந்தது. சாதாரண அஜீரணம் அல்ல. உதடு வீங்கி, உடலெங்கும் தடிப்பு வந்து, முன்பு ஒருமுறை மருத்துவமனை வரை போக நேர்ந்த ஒவ்வாமை. வெள்ளை சாக்லேட் என்பது கோகோ கொட்டையின் கொழுப்பு, சர்க்கரை, பால் பொடி இவற்றின் கலவை. நிறம் பளிச்சென்று தெரிய வேண்டுமானால் வெளிறிய அடித்தளம் தேவை. அந்த அடித்தளமே இந்தச் சிறுவனுக்கு ஆகாது.

அவனுக்கு மட்டும் தனித் தட்டும் டார்க் சாக்லேட்டும் கொடுத்துவிடலாம் என்பது ஆசிரியையின் முதல் யோசனை. நான் அதற்கு உடன்படவில்லை. ஏழு குழந்தைகள் ஒரே மேசையில் கரண்டியை மாற்றிக்கொள்வார்கள், விரலை நக்குவார்கள், அதே விரலால் அடுத்தவன் தட்டைத் தொடுவார்கள். பெரியவர்கள் மூவர் எவ்வளவு கவனித்தாலும் அதைத் தடுக்க முடியாது. மேலும் டார்க் சாக்லேட் என்று எழுதியிருப்பதாலேயே அது பால் இல்லாதது ஆகிவிடாது. அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம் ஏறக்குறைய 100 டார்க் சாக்லேட் பட்டைகளைச் சோதித்து, முடிவை 2015இல் வெளியிட்டது. பாலைச் சேர்மானமாகக் குறிப்பிடாத பட்டைகளிலும் பாதிக்கு மேற்பட்டவற்றில் பால் இருந்தது. பால் சாக்லேட் ஓடும் அதே இயந்திரத்தில் டார்க் சாக்லேட்டையும் ஓட்டுவது இதற்கு முக்கியக் காரணம்.

எனவே மேசைக்கு வரும் எதிலும் பால் இருக்கக் கூடாது என்று முடிவாயிற்று. பாலுக்குப் பதிலாக அரிசி மாவு சேர்த்துச் செய்த வெள்ளை சாக்லேட்டையும், ஒவ்வாமை உள்ளவர்களுக்கு ஏற்றது என்று உறையில் தெளிவாக அறிவித்த டார்க் சாக்லேட்டையும் தேடி வாங்கினோம். இரண்டின் உறைகளையும் சிறுவனின் தாய் தாமே வாசித்துப் பார்த்து ஒப்புக்கொண்ட பிறகே பிரித்தோம். செலவு கூடியது. ஆனால் அந்தச் சிறுவன் எந்தக் கிண்ணத்தையும் பார்த்து ஒதுங்கி நிற்க வேண்டியிருக்கவில்லை. இந்த நிகழ்ச்சியில் எடுத்த முடிவுகளில் எனக்கு முழு நிறைவு தருவது இதுதான்.

பாதாமை நீக்கியதற்குக் காரணம் நான்கு வயதுக் குழந்தை. ஐந்து வயதுக்கு உட்பட்டவர்களுக்கு முழுக் கொட்டைகளைக் கொடுத்தால் மூச்சுக்குழாயில் சிக்கும் அபாயம் உண்டு. கடினமான உருண்டை மிட்டாய்களும் அதே காரணத்தால் வெளியேறின.

மினுமினுக்கும் தூள் குப்பியை எடுத்துப் படித்தபோது, ‘நச்சற்றது’ என்று பெரிய எழுத்திலும் ‘அலங்காரத்துக்கு மட்டும்’ என்று சிறிய எழுத்திலும் இருந்தது. சேர்மானப் பட்டியல் இல்லை. நச்சற்றது என்பதும் உண்ணத் தக்கது என்பதும் ஒன்றல்ல. அமெரிக்காவின் ரோட் ஐலண்ட் மாநிலத்தில் 2018இல் பிறந்தநாள் கேக் ஒன்றைத் தின்ற ஆறு குழந்தைகள் நோயுற்றார்கள். கேக்கின்மேல் பூசியிருந்த மினுக்குத் தூளில் செம்பு மிக அதிகமாக இருந்ததைப் பின்னர் கண்டறிந்தார்கள். உண்ணத் தக்க மினுக்குத் தூள்களும் கிடைக்கின்றன. அவற்றில் சேர்மானப் பட்டியல் கட்டாயம் இருக்கும். எங்களிடம் இருந்தது அந்த வகை அல்ல. அலமாரிக்கே திரும்பிப் போனது.

நிறங்களைத் தேர்ந்த விதம்

செயற்கை நிறம் வேண்டாம் என்று ஒரு தந்தை முன்பே சொல்லியிருந்தார். இந்த அச்சம் ஆதாரமற்றது அல்ல. இங்கிலாந்தின் சவுத்தாம்ப்டன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 3 வயதினரும் 8, 9 வயதினருமான குழந்தைகளிடம் நடத்திய ஆய்வு 2007இல் ‘லான்செட்’ மருத்துவ இதழில் வெளியானது. சில செயற்கை நிறங்களையும், உணவு கெடாமல் காக்கச் சேர்க்கும் சோடியம் பென்சோயேட்டையும் கலந்த பானம் குடித்தபோது, சராசரியாகத் துறுதுறுப்பு சற்றுக் கூடியதை அது காட்டியது. அதன் தொடர்ச்சியாக டார்ட்ரசின், சன்செட் எல்லோ உள்ளிட்ட ஆறு நிறங்கள் சேர்ந்த உணவுகளில், அவை குழந்தைகளின் செயல்பாட்டையும் கவனத்தையும் பாதிக்கக்கூடும் என்ற எச்சரிக்கையை அச்சிடுவது 2010 ஜூலை முதல் ஐரோப்பிய ஒன்றியத்தில் கட்டாயமானது. எல்லாக் குழந்தைகளும் ஒரே மாதிரி பாதிக்கப்படுவதில்லை. ஒரு பிற்பகலில் பெரிதாக எதுவும் நேர்ந்துவிடாது என்றே நானும் கருதுகிறேன். ஆனால் ஒரு பெற்றோர் வெளிப்படையாகக் கேட்டுக்கொண்ட பிறகு அதை மதிப்பதுதான் முறை.

திரவ நிறங்களை விலக்க எனக்கு வேறொரு காரணமும் இருந்தது. அவை நீரில் கரைத்தவை. சாக்லேட் நீரை ஏற்காது. ஆகவே பொடிகளைத் தேர்ந்தோம்: இளஞ்சிவப்புக்கு உறையவைத்து உலர்த்திய ஸ்ட்ராபெரியின் பொடி, அடர்சிவப்புக்குப் பீட்ரூட் பொடி, மஞ்சளுக்கு மஞ்சள்தூள், பச்சைக்கு ஸ்பைருலினா என்னும் பாசியின் பொடி. ஒவ்வொன்றையும் மெல்லிய சல்லடையில் சலித்து, உருக்கிய கோகோ கொழுப்பு ஒரு கரண்டியில் குழைத்துச் சிறு கிண்ணங்களில் தயாராக வைத்தோம்.

வேலையைப் பிரித்தது

வேலையை வயதுப்படி பிரிக்க ஆசிரியை விரும்பினார். நான் வெப்பப்படி பிரிக்கலாம் என்றேன். அடுப்பும் கொதிநீரும் 45 டிகிரி சாக்லேட்டும் பெரியவர்கள் பொறுப்பு. கைபொறுக்கும் சூட்டுக்கு வந்த பிறகு கிண்ணம் மேசைக்கு வரும். அங்கிருந்து குழந்தைகள் பொறுப்பு. இந்த எல்லைக்கோடு பிற்பகல் முழுதும் நிலைத்தது. யாருக்கும் சூடு படவில்லை.

சாக்லேட்டை உருக்கினால் மட்டும் போதாது, பதப்படுத்தவும் வேண்டும்; அதாவது, சூட்டை இறக்கி ஏற்றி, அதன் கொழுப்பைச் சரியான படிகமாக உறையச் செய்ய வேண்டும். கோகோ கொழுப்பு ஆறு விதமான படிகங்களாக உறையக்கூடியது. ஐந்தாவது வகைப் படிகம்தான் பளபளப்பையும் உடைக்கும்போது ‘டக்’ என்ற ஓசையையும் தருகிறது. அது ஏறக்குறைய 34 டிகிரியில் உருகும், அதாவது வாயில் போட்டதும் கரையும். டார்க் சாக்லேட்டை 45 முதல் 50 டிகிரி வரை உருக்கி, உருக்காமல் ஒதுக்கிய மூன்றிலொரு பங்குத் துண்டுகளை அதில் போட்டுக் கிளறி 28 வரை இறக்கி, மீண்டும் 31, 32க்கு ஏற்றினோம். வெள்ளைக்கு எல்லா எண்களும் குறைவு: 45ஐத் தாண்டாமல் உருக்கி, 26க்கு இறக்கி, 28, 29இல் நிறுத்த வேண்டும். கத்தி முனையை நனைத்து வைத்துப் பார்த்தோம். சில நிமிடங்களில் மங்காமல் இறுகியது. பதம் சரி.

முதல் அரைமணி: மஞ்சள் ஜெயித்தது

குழந்தைகளை இருவர் இருவராக ஒரு நிறத்துக்கு அமர்த்தினோம். நான்கு வயதுக்காரி மட்டும் ஆசிரியையின் பக்கத்தில். குழைத்துவைத்த நிறத்தை வெள்ளை சாக்லேட்டில் அவர்களே கலந்தார்கள்.

மஞ்சள்தூள் ஒரு சிட்டிகைதான். கிளறக் கிளறக் கிண்ணம் முழுதும் திட்டுத் திட்டாக இல்லாமல் ஒரே நிறமாக மாறியது. பீட்ரூட் பொடி அதைவிடப் பல மடங்கு போட்டும் கிண்ணத்தில் வெளிறிய ரோஜா நிறமும் அதில் சிவப்புப் புள்ளிகளும்தான் தெரிந்தன. “நாங்கள் சரியாகத்தான் கலந்தோம், டீச்சர்” என்று பீட்ரூட் கிண்ணத்துச் சிறுமி முறையிட்டாள். அவள் சொன்னது உண்மை. மஞ்சளின் நிறப்பொருளான குர்குமின் கொழுப்பில் கரையும். பீட்ரூட்டின் நிறப்பொருளும் ஸ்ட்ராபெரியின் நிறப்பொருளும் நீரில் கரைபவை. கொழுப்பில் அவை தூளாகவே மிதக்கும். எவ்வளவு கிளறினாலும் பளிச்சென்ற சிவப்பு வராது. பதினொரு வயதுச் சிறுவன் உடனே கேட்ட கேள்வி: “அப்படியானால் தண்ணீரில் போட்டால் பீட்ரூட் ஜெயிக்குமா?” இரண்டு கண்ணாடி டம்ளர்களில் நீர் ஊற்றிக் கொடுத்தோம். பீட்ரூட் பொடி போட்ட நீர் சிவந்தது. மஞ்சள்தூளோ டம்ளரின் அடியில் படிந்தது. திட்டத்தில் இல்லாத இந்தச் சோதனைக்குச் செலவான நேரம் முழுக்கத் தகும் என்பது என் எண்ணம்.

ஒரு துளி

வெளிறிய இளஞ்சிவப்பு ஒன்பது வயதுச் சிறுமி ஒருத்திக்குப் போதவில்லை. ஆசிரியை ஒதுக்கிவைத்த திரவ நிறக் குப்பி சமையலறை மேடையிலேயே இருந்தது. நாங்கள் டார்க் சாக்லேட்டின் சூட்டைப் பார்த்துக்கொண்டிருந்தபோது அவள் அதை எடுத்துத் தன் கிண்ணத்தில் விட்டுவிட்டாள்.

நான் திரும்பியபோது துளிகள் இன்னும் கலக்கவில்லை. மேற்பரப்பில் சிவப்பு முத்துகளாக நின்றன. அவள் கரண்டியைச் சுழற்றினாள். இரண்டாவது சுற்றில் கரண்டி கனத்தது. மினுமினுப்பு மறைந்து, வழுவழுவென்று ஓடிக்கொண்டிருந்தது ஈர மணல்போல் குருணைகுருணையாகக் கரண்டியோடு திரண்டுகொண்டது. கிண்ணத்தின் ஓரங்களில் மட்டும் எண்ணெய்க் கசிவு தெரிந்தது. அவள் முகம் சுருங்கிவிட்டது. “ஒரு துளிதான் டீச்சர்... நான்கைந்து துளி இருக்கும்” என்றாள். பக்கத்திலிருந்த சிறுவன் “கெட்டுப்போய்விட்டது, கொட்டிவிடுங்கள்” என்றான்.

ஆசிரியை கிண்ணத்தை எடுத்துக் கொட்டத்தான் போனார். கோபத்தினால் அல்ல, அந்தக் குழந்தையின் சங்கடம் சீக்கிரம் தீரட்டும் என்ற எண்ணத்தினால். நான் கிண்ணத்தை வாங்கி மேசையின் நடுவில் வைத்தேன். அது கண்ணில் படாமல் மறைந்துபோனால் குற்றம் மட்டும்தான் மிஞ்சும்; அவள் செய்ததற்கும் நடந்ததற்கும் உள்ள தொடர்பு யாருக்கும் விளங்காது. அதைவிட, பொருள் உண்மையில் கெட்டுப்போகவில்லை. காப்பாற்றக்கூடிய ஒன்றைக் குழந்தைகள் முன் கொட்ட எனக்கு மனமில்லை.

எல்லோரும் சுற்றி நின்றார்கள். சாக்லேட்டில் கண்ணுக்குத் தெரியாத அளவு நுண்ணிய சர்க்கரைத் துகள்கள் கொழுப்பில் மிதக்கின்றன என்றும், சிறிது நீர் பட்டதும் துகள்களின் மேற்புறம் பிசுபிசுத்து ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்கிறது என்றும் சொன்னேன். பிறகு சிறுமியிடமே வெந்நீரும் தேக்கரண்டியும் கொடுத்து, ஒவ்வொரு கரண்டியாக விட்டுக் கிளறச் சொன்னேன். “தண்ணீரால்தானே கெட்டது?” என்று ஒருவன் மறித்தான். முதல் கரண்டிக்கு இன்னும் மோசமானது. அதற்கடுத்த கரண்டிகளில் கட்டிகள் மெல்லத் தளர்ந்து, முடிவில் வழுவழுப்பான இளஞ்சிவப்புக் குழம்பாகிவிட்டது. குறைந்த நீர் சர்க்கரையை ஒட்டவைக்கும். போதுமான நீர் அதைக் கரைத்துவிடும். இனி அது அச்சில் உறையாது. பழத்தின்மேல் ஊற்றித் தின்னலாம். நிறமும் அவள் விரும்பிய அதே அடர்த்தியில் வந்திருந்தது.

செயற்கை நிறம் வேண்டாம் என்று சொன்ன தந்தையின் மகளுக்கு அந்தக் குழம்பைக் கொடுக்கவில்லை. அன்று மாலை அவரிடம் நடந்ததை அப்படியே சொன்னோம். குப்பியின் சேர்மானப் பட்டியலைச் சிறுவனின் தாய் பார்த்து, பால் இல்லை என்று உறுதி செய்த பிறகே மற்றவர்கள் தொட்டார்கள்.

நான்கு வயதுக்காரியும் பட்டையும்

இரண்டாம் வேலை டார்க் சாக்லேட் பட்டை. பட்டர் பேப்பர் விரித்த தட்டில் மெல்லிய படலமாக ஊற்றி, மேலே வண்ண வெள்ளை சாக்லேட்டைக் கோடுகளாக இழுத்து, உலர்பழத் துணுக்குகளைப் பதிக்க வேண்டும். மூத்தவர்கள் கைநிறைய அள்ளித் தூவிச் சில நிமிடங்களில் முடித்துவிட்டார்கள்.

நான்கு வயதுக்காரி அப்படிச் செய்யவில்லை. கட்டைவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் நடுவில் ஒரு ஸ்ட்ராபெரித் துணுக்கைப் பிடித்து, முகத்தைத் தட்டுக்கு மிக அருகில் கொண்டுபோய், இடம் பார்த்து, வைத்து, நுனிவிரலால் மெல்ல அழுத்தி, எடுத்து, மீண்டும் வேறிடத்தில் வைத்தாள். ஒரு மூலையை முடித்து அடுத்த மூலைக்கு வரும்போது படலம் இறுகிவிட்டது. வைத்த துணுக்குகள் உருண்டு விழுந்தன. “ஒட்டவில்லை” என்று இரண்டு முறை சொன்னாள். மூன்றாவது முறை சொல்லவில்லை. கையை மடியில் வைத்துக்கொண்டாள்.

சீக்கிரம் செய்யச் சொல்வது எளிது. அவள் செய்துகொண்டிருந்ததுதான் மேசையிலேயே கவனமான வேலை. அதை அவசரப்படுத்துவது நியாயமில்லை என்று ஆசிரியைக்கும் பட்டது. எனவே சாக்லேட்டைக் காத்திருக்கவைக்கும் வழி தேடினோம். கிண்ணத்தை வெதுவெதுப்பான நீர்ப்பாத்திரத்தின்மேல், நடுவில் துணி மடித்து வைத்து, 31 டிகிரியில் நிறுத்தினோம். அவள் கேட்கும்போது மட்டும், ஒரு உள்ளங்கைக்குப் பாதி அளவே வட்டமாக ஊற்றினோம். ஒரு வட்டத்தை முடித்ததும் “இன்னொன்று” என்பாள், அடுத்ததை ஊற்றுவோம். பிற்பகல் முடியும்போது மற்றவர்களைவிட அதிக நேரம் வேலை செய்திருந்தவள் அவள்தான். இதைப் பார்த்த மூத்தவர்கள் இருவர் தங்கள் பெரிய தட்டை விட்டுவிட்டு வட்டம் கேட்டு வந்தார்கள்.

அதன் பிறகு

அறை 26 டிகிரிக்கு மேல் இருந்ததால் அச்சுகள் இறுக நேரமெடுத்தன. தட்டுகளையும் அச்சுகளையும் பத்து நிமிடம் குளிர்சாதனப் பெட்டியில் வைத்து எடுத்தோம். ஒரு தட்டு மட்டும் உள்ளேயே மூடாமல் தங்கிவிட்டது; குழந்தைகள் கிளம்பும் நேரத்தில் வெளியே எடுத்ததும் அதன்மேல் நீர் வேர்த்தது.

மறுநாள் ஆசிரியை அனுப்பிய படங்களில் அந்தத் தட்டின் துண்டுகள் வெள்ளை பூத்திருந்தன. விரலால் தேய்த்துப் பார்க்கச் சொன்னேன். சொரசொரப்பாக இருக்கிறது என்றார். அப்படியானால் வேர்த்த நீரில் கரைந்த சர்க்கரை மேலே படிந்து உலர்ந்தது. வழவழப்பாக இருந்து விரல்சூட்டில் உருகியிருந்தால், பதம் தவறிய கொழுப்பு மேலே வந்தது என்று பொருள். இரண்டையும் தின்னலாம், பூஞ்சை அல்ல. இதைச் சொல்லாமல் விட்டிருந்தால் ஏதேனும் ஒரு வீட்டில் குப்பைக்குப் போயிருக்கும்.

பால் ஒவ்வாத சிறுவனுக்கு அன்றும் மறுநாளும் எந்தத் தொல்லையும் இல்லை. தான் செய்ததைத் தம்பிக்குக் கொடுத்ததைவிட, அடுத்தவர் செய்ததைக் கேட்டு வாங்கித் தின்றதைத்தான் அவன் வீட்டில் அதிகம் பேசினான் என்று தாய் சொன்னார். குப்பியை எடுத்த சிறுமி, வீட்டில் உருகிய சாக்லேட்டை இரண்டு கிண்ணங்களில் எடுத்து, ஒன்றில் நீரும் மற்றதில் எண்ணெயும் விட்டுத் தன் பாட்டிக்கு வித்தியாசத்தைக் காட்டியிருக்கிறாள்.

அடுத்த முறை மாற்ற வேண்டியவை

விலக்கிய பொருள்கள் சமையலறையிலேயே இருக்கக் கூடாது. அந்தக் குப்பி வீட்டுக்குள் வேறெங்காவது இருந்திருந்தால் இளஞ்சிவப்புக் குழம்பு பிறந்திருக்காது; ஆனால் அதே குப்பியில் பால் சேர்ந்த ஏதேனும் இருந்திருந்தால் நிலைமை வேறாக இருந்திருக்கும். நீரும் சாக்லேட்டும் பற்றிய பாடம் வேண்டுமானால், அதற்கென ஒரு சிறு கிண்ணத்தை ஒதுக்கித் தொடக்கத்திலேயே காட்டிவிடலாம்.

அடர்சிவப்பு கட்டாயம் வேண்டும் என்றால், சாக்லேட்டுக்கென்றே விற்கும் கொழுப்பில் கரையும் நிறங்களைப் பெற்றோரின் ஒப்புதலோடு வாங்க வேண்டும். இல்லையென்றால் பழப்பொடியின் வெளிர்நிறமே கிடைக்கும் என்று குழந்தைகளுக்கு முன்பே ஒரு மாதிரித் துண்டைக் காட்டிவிட வேண்டும். ஏமாற்றம் வந்தது நிறத்தால் அல்ல. படத்தில் பார்த்த நிறத்தை எதிர்பார்த்ததால்.

எல்லோருக்கும் தொடக்கத்திலிருந்தே சிறு வட்டங்கள். பெரிய தட்டு வேண்டாம். கிண்ணத்தின் சூட்டைப் பார்த்துக்கொள்ள மட்டும் ஒரு பெரியவர் வேண்டும். அவருக்கு வேறு வேலை கொடுக்கக் கூடாது.

வீட்டுக்குக் கொடுத்தனுப்பிய பெட்டிகளில் எதையும் எழுதவில்லை. இனி ஒவ்வொன்றிலும் சேர்மானங்களும் செய்த தேதியும் இருக்க வேண்டும். அச்சில் இறுகிய துண்டுகள் சில வாரங்கள் தாங்கும். நீர் சேர்ந்த குழம்பு அப்படியல்ல. குளிர்சாதனப் பெட்டியில் வைத்து ஓரிரு நாளில் தீர்த்துவிட வேண்டும். ஒரு வீட்டில் நாய் இருப்பதும் பிறகுதான் தெரிந்தது. சாக்லேட்டில் உள்ள தியோபுரோமின் நாய்களுக்கு நஞ்சு, டார்க் சாக்லேட்டில் அது கூடுதல். எனவே பெட்டியில் அந்த ஒரு வரியும் சேரும்.

பெற்றோர்களுக்கு அனுப்பும் கேள்வித்தாளில் ஒவ்வாமை, நிறம் பற்றிய கேள்விகளோடு வளர்ப்பு விலங்குகள் பற்றியும் கேட்க ஆசிரியை ஒப்புக்கொண்டிருக்கிறார்.